ஞாயிற்றுக்கிழமை ஊதாத சங்கு

அந்த யோசனை எனக்கு வயிற்றிலிருந்துதான் வந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தேன். சற்று முன்புதான் யாரோ கொண்டுவந்து கொடுத்த கப்பைக் கிழங்கை ஒரு தட்டு முழுக்கத் தின்று தீர்த்திருந்தேன். பசிக்க வழியே இல்லை. ஆனால் ஃபாக்டரியில் பகல் சங்கு ஊதியதும் என் வயிறு கர்ரென்று பதில் சொன்னது. எதிர்மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கூடையை இறக்கிவிட்டுத் தூக்குச் சட்டியைத் திறந்தார்கள். பசி வரட்டும் என்று காத்திருந்து இந்த மலையில் யாரும் சாப்பிடுவதில்லை. சங்கு ஊதினால் சாப்பாடு. பசி பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொள்ளும்.

அப்படியிருக்க, வலிக்கு மட்டும் ஏன் காத்திருக்கிறோம்?

பஞ்சை அப்படியே போட்டுவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். ஓடுவது என் வழக்கம். நர்சிங் படிப்பு முடித்துப் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் வயல்காட்டிலிருந்து நேராக மூணாறுக்கு மேலே இருக்கிற இந்த எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தவள் நான். மலை ஏறினால் மூச்சு வாங்கும், மெதுவாகப் போ என்று ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூச்சு வாங்கத்தான் செய்தது. அதற்காக நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். எங்களோடு தமிழ் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தா சிஸ்டரே, ஆரு மரிச்சு?" என்றார்.

"யாரும் சாகலைங்க சார். அந்தக் கால் புள்ளைக்கு வலி வர்றதுக்கு முன்னாலயே மருந்து குடுத்துட்டா என்னங்க?"

"வலி இல்லாத்த குட்டிக்கு எதுக்கு மருந்து?"

"உங்களுக்கு இப்பப் பசிச்சுதுங்களா சார்?"

அவர் கையிலிருந்த கவளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

கால் பிள்ளை என்று நான் சொன்னது கீழ் லயத்துச் சிறுமியை. லயம் என்றால் ஒரே கூரைக்கடியில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், இடையில் ஒற்றைச் சுவர்கள். அவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. முழங்காலுக்கு மேலே ஒரு வீக்கம் வந்து, அது எலும்பில் புற்று என்று தெரிந்தபோது நெஞ்சுக்கும் போய்விட்டிருந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா இறந்து நாளாயிற்று. அம்மா கொழுந்தெடுக்கிறவள். அவளுக்குக் கீழே இரண்டு சின்னதுகள்.

செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதை நாங்கள் இப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். பிள்ளைக்கு வலி வரும். பொறுப்பாள். பொறுக்க முடியாதபோது கத்துவாள். பக்கத்து வீட்டிலிருந்து ஆள் மலைக்கு ஓடும். அம்மா கங்காணியிடம் கேட்டுக்கொண்டு இறங்கி வந்து, பிள்ளையை முதுகில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஏறி வருவாள். ஒவ்வொரு படிக்கும் அந்தக் கால் ஆடும். டாக்டர் ஊசி போடுவார். தூங்குவாள். விழிப்பாள். மறுபடி முதலிலிருந்து.

கை கழுவிவிட்டு வந்து டாக்டர் தன் கட்சியைச் சொன்னார். "இந்த மருந்து பழகிப்போகும் கேட்டோ. பின்னே விடான் பற்றில்லா."

"எப்பங்க சார் விடணும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மஞ்சு இறங்கி, அந்த மூடுபனியில் ஒன்றுமே தெரியவில்லை.

கடைசியில் ஒப்புக்கொண்டார், நிபந்தனைகளோடு. ஊசிக்குப் பதில் வாய்வழி மிக்சர், அதைத் தன் கையாலேயே கலப்பார். பாட்டிலின் பக்கவாட்டில் ஏணிப்படி போலக் கத்தரித்த காகிதத்தை ஒட்டித் தருவார், ஒரு வேளைக்கு ஒரு படி. தினமும் காலையில் டியூட்டிக்கு முன்னால் நான் லயத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். போதவில்லை என்று தோன்றினால் எவ்வளவு கூட்டலாம் என்பதற்கும் ஒரு எல்லை போட்டார். அந்த எல்லைக்குள் நான் பார்த்துக் கூட்டலாம், அவரைக் கேட்க வேண்டியதில்லை. ஒரு நர்ஸிடம் டாக்டர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தரையில் கால் பாவாமல் நின்றேன்.

"குதிக்கண்டா," என்றார். "அந்தக் குட்டி கரையறது இனி ஒரு தடவை என்ற பங்களா வரைக்கும் கேட்டால், கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். பின்னே உன் பேச்சு இல்லை."

அழுகை கேட்டால் அனுப்பிவிடுவேன் என்ற அந்த மிரட்டல் எனக்கு மட்டுமல்ல. அம்மாவால் கூடப் போக முடியாது, சின்னதுகளை யார் பார்ப்பது? பிள்ளை தனியாக அந்த வார்டில் கிடக்க வேண்டும். அவளிடம் கேட்டால், "அங்க கூர ரொம்ப ஒசரம் சிஸ்டர். ராத்திரி முழிச்சா எங்க இருக்கோம்னே தெரியல," என்பாள். போகமாட்டேன் என்று அழவெல்லாம் மாட்டாள். கூரை உயரம் என்று மட்டும் சொல்லுவாள்.

ஆக, பாட்டில் தயார், ஏணிப்படி தயார். கடிகாரம்தான் இல்லை. லயத்தில் யார் வீட்டிலும் இல்லை. ஒரே ஒருவர் கைக்கடிகாரம் கட்டியிருந்தார், அது கல்யாணத்தன்று ஓடியதாகக் கேள்வி. ஆடி மாதச் சாரலில் சூரியனைப் பார்த்து நேரம் சொல்வதற்கும் வழியில்லை, சூரியனையே பார்த்து வாரமாகிறது. ஆனால் சங்கு இருக்கிறதே. விடியலில் எழுப்ப ஒன்று, டீ நேரத்துக்கு ஒன்று, பகலுக்கு, மாலைக்கு, ஃபாக்டரியில் ஷிப்ட் மாறும்போது என்று அது நாள் முழுக்க ஊதுகிறது. நான் விரும்புகிற இடைவெளிக்கு ஏறக்குறையப் பொருந்தியும் வந்தது. ராத்திரி நீளத்துக்கு மட்டும் கடைசி வேளையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

"சங்கு ஊதுனா ஒரு படி. அம்புட்டுத்தான சிஸ்டரம்மா?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதானுங்க்கா. வலிச்சாலும் குடுக்கோணும், வலிக்கலைனாலும் குடுக்கோணும்."

பகலில் அம்மா மலையில் இருப்பாள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று லீவில் இருந்த அக்கா பொறுப்பேற்றுக்கொண்டாள். சங்கு ஊதியதும் ஒரு கையில் தன் கைக்குழந்தை, மறு கையில் பாட்டிலோடு வந்து நிற்பாள். இரண்டே நாளில் எஸ்டேட் முழுக்க அதற்குச் சங்கு மருந்து என்று பெயர் வந்துவிட்டது. தனக்கும் முதுகு வலிக்கிறது, கொஞ்சம் சங்கு மருந்து கொடு என்று கங்காணியே ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டார்.

வலி எவ்வளவு என்று எப்படிக் கேட்பது என்பது அடுத்த சிக்கல். "ரொம்ப வலிக்குதா கண்ணு?" என்று கேட்டால், "ஆமா," என்பாள். "கொஞ்சமா?" என்றாலும், "ஆமா," என்பாள். சிஸ்டர் பாவம் என்று எனக்காகச் சொல்கிறாளோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் அவளே பொறுமையிழந்து ஒரு அளவுகோல் செய்து கொடுத்தாள்.

"அட்டக்கடின்னா வலியே இல்ல, ரத்தம் மட்டுந்தான் வரும். அடுத்தாப்ல எறும்பு. அதுக்கும் மேல சார்வாள் பிரம்பு. அதுக்கெல்லாம் மேல கொளவி."

"ஒரு குளவியா, கூடு பூராவுமா?"

"கூடு பூரா வந்தா ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டா இருப்பேன்?"

அன்றிலிருந்து தினமும் காலையில் டாக்டரிடம் போய் விறைப்பாக நின்று, "பிரம்புல இருந்து எறும்புக்கு எறங்கியிருக்குதுங்க சார்," என்று சொல்ல ஆரம்பித்தேன். முதல் நாள் அவர் என்னை வெறித்துப் பார்த்தார். நாலாம் நாள் நான் உள்ளே நுழையும்போதே, "எறும்போ பிரம்போ?" என்று அவரே கேட்டார்.

மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வலியோடு சேர்த்து வயிற்றையும் கட்டிப்போடும். அது எனக்குத் தெரியும் என்பதால், காலையில் வாசலில் கால் வைக்கும்போதே, "வெளிக்குப் போச்சுங்களா?" என்று அம்மாவிடம் உரக்கக் கேட்பேன். சித்தூர்க்காரிக்கு மெதுவாகப் பேச வராது. ஒற்றைச் சுவர் லயத்தில் அது பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். அங்கிருந்து கூடைகளோடு மலைக்கு ஏறும். ஒருத்தி பப்பாளி கொண்டுவந்தாள், ஒருத்தி விளக்கெண்ணெய், இன்னொருத்தி பேரே தெரியாத ஒரு இலை. ஒரு நாள் நான் லயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, மேலே சரிவிலிருந்து ஒரு பெண் கையை வாயில் குவித்துக்கொண்டு, "சிஸ்டரே, போயிட்டாளாம்," என்று கத்தினாள். தேயிலைக்குள்ளிருந்து கைதட்டல் எழுந்தது.

வீட்டில் அவள் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு கிடந்தாள்.

"என்னாச்சு சாமி? குளவியா?"

"என் கக்கூஸ் சமாச்சாரத்த மல பூரா பேசுதாளுவ. ஒங்களுக்கு ஒண்ணுமில்ல, நாளைக்கு நீங்க ஊருக்குப் போயிருவிய."

மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை அவள் காதில் மட்டும்தான் கேட்பது என்று உடன்படிக்கை. அவள் விரலைக் காட்டிப் பதில் சொல்லுவாள். மலை கொஞ்ச நாள் செய்தியில்லாமல் தவித்தது.

இதற்கெல்லாம் நடுவே வந்தது முதல் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நகர முடியாது. எஸ்டேட் முழுவதற்கும் அன்று நான் ஒருத்திதான் டியூட்டி. திங்கள் காலையில் சங்குக்கு முன்னாலேயே போய்ப் பார்த்தால், பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு, "கொளவி," என்றாள். சத்தமே வரவில்லை. பங்களாவுக்குக் கேட்கக் கூடாது என்று தலையணையை வாயில் வைத்துக் கடித்திருந்தாள், ஓரம் கிழிந்திருந்தது. அம்மா மடியில் பாட்டில். காகித ஏணியில் சனிக்கிழமையோடு மருந்து அப்படியே நின்றிருந்தது.

"ஊதும் ஊதும்னு பாத்தேன் சிஸ்டரம்மா. ஊதலியே."

"ஞாயித்துக்கெழமை சங்கு ஊதாதுல்லங்க்கா?"

"ஊதாதுதான்."

"அது உங்களுக்குத் தெரியுமில்லங்க?"

"தெரியாம என்ன, பொறந்ததுலேருந்து இங்கதான் இருக்கேன். சங்கு ஊதுனாத்தான கொடுக்கணும்னு நீங்க சொன்னிய. மருந்துக்கும் அன்னைக்கு லீவாக்கும்னு நெனச்சேன்."

எங்கள் ஊரில் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யும். இங்கே நேரமே லீவு எடுத்துக்கொள்கிறது என்பது ஊருக்குப் புதிய எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. வேளை மருந்தைக் கொடுத்து, நான் கூட்டலாம் என்று டாக்டர் சொன்ன அளவையும் கூட்டி, எறும்புக்கு இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு இப்படி ஆகக் கூடாது.

ஃபாக்டரியில் சங்கு ஊதுகிறவர் உருண்டையான, நல்ல மனிதர். போய்க் கேட்டேன். "ஏனுங்கண்ணா, ஞாயித்துக்கெழமை லேசா ஒரு தடவை ஊத முடியுங்களா? அந்த லயத்துக்கு மட்டும் கேக்கற மாதிரி?"

"சங்கு லேசா ஊதாதும்மா. ஊதுனா ஊதும், ஊதலன்னா ஊதாது."

"ஒரு சொட்டுப் போலங்க."

பிள்ளைக்காக என்று மனம் இரங்கினார். அந்த ஞாயிறு விடியலில் ஒரு சொட்டுப் போல ஊதவும் செய்தார். அந்தச் சொட்டு மூன்று மலைக்குக் கேட்டது.

எஸ்டேட்டில் வளர்ந்தவர்களின் கால்கள் தலையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. அரைத் தூக்கத்தில் எழுந்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, முதுகில் கூடையை மாட்டி, பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். நின்ற பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னைக்கு என்ன கெழம?" என்று ஒருவர் கேட்டார். ஞாயிறு என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஏனென்றால் கங்காணியும் குச்சியோடு வந்து நின்றிருந்தார். கோயிலுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர்கள் அதற்கு மேலேயே கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள். தன் பங்களாவிலிருந்து எஸ்டேட் மேனேஜர் துரை கோடு போட்ட பைஜாமாவில் இறங்கி வந்தார், நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்து, கையில் ஒரு வாளியோடு.

"யார் ஊதச் சொன்னது?" என்றார்.

சங்குக்காரர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "மருந்துக்குங்க துரை," என்று மட்டும் சொன்னார். ஆள் நான்தான் என்று எல்லோருக்கும் தெரிய அது போதுமானதாக இருந்தது.

யூனியன்காரர் முன்னால் வந்தார். சங்கு ஊதி ஆளைக் கூப்பிட்டுவிட்டு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். யாரும் கூப்பிடவில்லை என்றார் துரை. ஊதியது ஊதியதுதான் என்றார் இவர். வாளியைக் கீழே வைக்க மறந்துபோய்த் துரை அதையும் தூக்கிக்கொண்டே வாதாடினார். முடிவில், நெருப்பைத் தவிர வேறு எதற்கும் இனி ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதக் கூடாது என்று இரு தரப்பும் ஒரே குரலில் தீர்மானித்தார்கள். நிர்வாகமும் யூனியனும் ஒத்துப்போனது அந்த எஸ்டேட்டில் அதுவே முதல் தடவை என்றார்கள். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பிள்ளைக்கும் அன்று எல்லா வேளையும் மருந்து போயிற்று. ஊர் முழுக்க முழித்திருந்து ஆளாளுக்கு வந்து நேரம் சொன்னார்கள்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "இனி ஒரு பகளம், ஒரு கலாட்டா கூடி உண்டாக்கினால், பிள்ளை கீழே. நீயும் கீழே. ஒரே ஜீப்பில்."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறு வந்துகொண்டேயிருந்தது.

லயத்துக்கு மேலே ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவைதான் சாமியார் வருவார். மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் அந்தக் கோயிலின் மணி என் கண்ணில் பட்டது. அதைக் கவனித்துக்கொள்கிறவர் உபதேசியார், பரம சாது. பிள்ளையின் வீட்டார் வேறு சபைக்காரர்கள். ஆனாலும் நோவுக்குச் சபை ஏது என்று உடனே சம்மதித்தார். சங்கில் பட்ட பாடு எனக்கு நினைவிருந்தது. ஆகவே கவனமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"வேகமா அடிச்சுராதீங்க. பூசைன்னு நெனச்சு எல்லாரும் கெளம்பி வந்துருவாங்க. மெதுவா, ஒண்ணொண்ணா, விட்டு விட்டு அடிங்க."

உபதேசியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "விட்டு விட்டா?"

"ஆமாங்க. நல்லா இடைவெளி விட்டு."

"சரி, நீங்க சொன்னாச் சரி."

ஞாயிறு காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். டங். வெகுநேரம் கழித்து மறுபடி டங். மஞ்சுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் எவ்வளவு அழகாக வந்தது என்று நான் உருகிக்கொண்டிருந்தபோது, கட்டுப் பிரிக்க வந்திருந்த கிழவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாவம், போயிட்டா," என்றார்.

"யாருங்க?"

"துக்க மணி அடிக்கில்லா சிஸ்டர். கீழ் லயத்துப் பிள்ளதான், வேற யாரு கெடக்கா."

சித்தூரில் நான் கேட்டு வளர்ந்ததெல்லாம் கோயில் மேளம்தான். சாவுக்கு மணி அடிப்பார்கள் என்பதோ, அதை எப்படி அடிப்பார்கள் என்பதோ எனக்கு எங்கே தெரியும்? மெதுவாக, ஒன்றொன்றாக, நல்லா இடைவெளி விட்டு. கிழவரின் கட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன்.

எனக்கு முன்னால் ஊரே போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பிள்ளையின் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். அவள் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் மணியைக் கேட்டு ஓடிவந்தவள், கூட்டத்தைத் தாண்டி உள்ளே போகமுடியாமல் வாசலிலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரையும் பிளந்துகொண்டு, அவள் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

பிள்ளை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள்.

"யாரு சிஸ்டர் செத்தது?" என்றாள்.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழ ஆரம்பித்தாள். "எம்மா, மெள்ள, கால்," என்றாள் அவள். அதற்குள் பெட்டி செய்கிற ஆசாரி கையில் அடிக்கோலோடு தலையை நீட்டினார். உள்ளே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நீங்க எதுக்கு மாமா வந்திய?"

"நானா? இந்த... ஜன்னல் அளக்கலாம்னு வந்தேன் தாயி."

"அளங்க."

அவர் அளந்தார். வேறு வழியில்லை. அந்தச் சுவரில் இருந்தது ஜன்னல்கூட இல்லை, புகை போகிற ஒரு ஓட்டை. மறுநாளே வந்து அதை இடித்துப் பெரிதாக்கி ஒரு நல்ல ஜன்னல் வைத்துக் கொடுத்தும்விட்டார், வாக்கு வாக்குதான் என்று.

கடைசியாக டாக்டர் வந்தார். தன் பங்களாவிலிருந்து ஓடியே வந்திருந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியது. செத்த பிள்ளைக்கு அது எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. பன்னையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுச் சாமான் பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சார், நான் சாகல," என்றாள்.

"கண்டு," என்றார்.

வாசலில் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ஏனுங்க, துக்க மணின்னு உங்களுக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சும் ஏனுங்க அடிச்சீங்க?"

"நீங்கதான சொன்னிய. படிச்ச பிள்ள சொல்லுது, ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

அவரைக் கும்பிட்டுவிட்டு உள்ளே திரும்பினேன்.

கூட்டம் கலைந்தது. உள்ளே அம்மாவும் டாக்டரும் நானும் மட்டும். பிள்ளை பன்னின் கடைசித் துண்டைத் தம்பிக்காக எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இப்ப இல்ல. ஆனா பொறவு நாந்தான் சாவேன், அப்பிடித்தான?"

நர்சிங் பள்ளியில் படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதற்கே ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. டாக்டரைப் பார்த்தேன். அவர் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை, என்ன சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்த்தாள், லேசாகத் தலையை அசைத்தாள்.

"ஆமா கண்ணு."

"அன்னைக்குக் கொளவியா?"

"இல்ல. அப்படி வராமப் பாத்துக்கறதுதான் என்ற வேலை."

"அப்பச் சரி," என்றாள். மடியில் சிந்திய பன் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். "எல்லாரும் இன்னைக்கே அழுதாச்சுல்லா? இனி யாரும் இங்க வந்து அழக் கூடாதுன்னு சொல்லிருங்க. ஒருக்கா அழுதாப் போதும்."

டாக்டர் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "நேரம் பார்க்கான் அறியுமோ நினக்கு?" என்று அவளிடம் கேட்டார்.

"மூணாங் கிளாஸ்லயே படிச்சாச்சு சார்."

மத்தியானம் அவர் வீட்டு அலாரம் டைம்பீஸ் லயத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு டைம்பீஸ். சங்கும் மணியும் துரையின் பைஜாமாவும் யூனியனும் ஆசாரியின் கோலும் தாண்டி, எங்கள் யாருக்கும் தோன்றாத அந்த ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா சற்றுத் தாமதித்தால், "அக்கா, முள்ளு தாண்டிட்டு," என்று சுவரைத் தட்டிக் கூப்பிடுவது இப்போது பிள்ளையின் வேலை. கீழே அனுப்புவதைப் பற்றி டாக்டரிடம் பயந்து பயந்து கேட்டேன். "ஆரு பறஞ்ஞு?" என்றார். யார் சொன்னது என்று அவரே கேட்டபின் நான் மேற்கொண்டு நினைவூட்டவில்லை.

இப்போது பெரும்பாலும் எறும்புதான், சில நாள் அட்டைக்கடிகூட. வலி இறங்கியதும் பிள்ளைக்கு வேறொரு நோய் வந்துவிட்டது: சலிப்பு. புது ஜன்னல் வழியே பார்த்தது போதவில்லை. வருகிற ஞாயிறு மூணாறு மைதானத்தில் எஸ்டேட்டுகளுக்குள்ளே பந்தாட்டப் பைனல். எங்கள் எஸ்டேட் ஆடுகிறது. பார்த்தே தீர வேண்டும் என்கிறாள்.

"ஜீப்பில் போனால் அந்த எல்லு ஒடியும்," என்றார் டாக்டர். புற்று அரித்த எலும்பு, ஒரு பள்ளம் போதும். அவர் சொல்வது சரி. ஆகவே ஜீப் வேண்டாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். லாரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

ஆட்டக்காரர்களை ஏற்றிப்போகிற கொழுந்து லாரியில், சாக்குகளில் காய்ந்த பெரணித் தழையை அடைத்து முழங்கால் உயரத்துக்கு அடுக்கி மெத்தை போடலாம் என்றார்கள் லயத்துப் பெண்கள். கால் ஆடாமலிருக்கப் பக்கப் பலகை வைத்த ஒரு தொட்டில் செய்துவிட்டார் ஆசாரி. பாதையில் எந்த வளைவில் மருந்து, அதற்கு எவ்வளவு முன்னால் கிளம்புவது, வலி வந்தால் எங்கே நிறுத்துவது என்று டைம்பீஸை வைத்துக்கொண்டு நானும் அவளும் கணக்குப் போட்டாயிற்று. அதெல்லாம் காகிதக் கணக்கு என்கிறார் டாக்டர். எலும்பு தாங்கும் என்று கண்ணால் கண்டால்தான் அனுமதி என்கிறார்.

வழியைப் பிள்ளைதான் கண்டுபிடித்தாள். நாளை காலை லாரி மூணாறுக்குச் சாமான் ஏற்றப் போகிறது. அவளுக்குப் பதிலாக அந்தத் தொட்டிலில் நான் படுத்துக்கொண்டு போகிறேன், முழங்காலுக்கு மேலே சரியாக அந்த இடத்தில் ஒரு பச்சைக் கோழிமுட்டையைத் துணியால் கட்டிக்கொண்டு. டாக்டர் முன் சீட்டில். டிரைவர் எல்லாப் பள்ளத்திலும் வழக்கம்போலவே ஓட்ட வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். முட்டை உடையாமல் திரும்பி வந்தால், ஞாயிறு அவள் போகிறாள்.

முட்டையை அவளே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள். ஓடு மெல்லிசாக இருக்கிறதே, வேறு பார்க்கலாமா என்று கேட்டேன். ஏமாற்றப் பார்க்காதீர்கள் என்று முறைத்தாள்.